நாடாத் தழும்புக்குள் ஒளிந்திருந்தது

மூன்று வருடத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம், மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கத் தொடங்கின சமயத்தில் இது நடந்தது. தாம்பரத்தை ஒட்டின சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு காலனியில் எங்கள் வீடு.

நான் படித்தவள் இல்லை. பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். இதை நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்து டீச்சர். நான் ஒன்று சொன்னால் அவள் அதை அழகாக்கப் பார்ப்பாள். "நான் சொன்ன மாதிரியே எழுதும்மா, பரீட்சைப் பேப்பரா திருத்தற?" என்று ஏற்கெனவே ஒரு தரம் சண்டை போட்டாகிவிட்டது. அவளைப் பற்றிக் கொஞ்சம் நல்லதாகச் சொல்லும் இடம் வரும். அங்கே அவள் எழுதாமல் நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் காலனி முனையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். ஒவ்வொரு சங்கடஹர சதுர்த்திக்கும் அவருக்கு அருகம்புல் மாலை என் கையால்தான். கடையில் விற்கிற மாலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணும் வேருமாக, மாட்டுக்குப் போடுகிற கட்டு மாதிரி இருக்கும். என் மாலையில் நுனி ஒடிந்த ஒரு புல் இருக்காது. மூன்று இலை விட்ட கொழுந்தாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கிள்ளுவேன். குருக்கள் அதைக் கையில் வாங்கும்போதே, "மாமி மாலை வந்தாச்சு, இனிமே அபிஷேகம் ஆரம்பிக்கலாம்" என்பார். எனக்கு அதில் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

புல் கிள்ளுவது எங்கள் கடைசித் தெருவில் கட்டாமல் கிடக்கிற ஒரு மனையில். ஒரு பக்கம் சுற்றுச்சுவர் இடிந்து கிடக்கும். மழை பெய்தால் இடுப்பளவுக்குப் புதர் மண்டிவிடும். பெருச்சாளி வளை தோண்டி வைத்திருக்கும், மூஞ்சூறு குறுக்கே கீச்சுக் கீச்சென்று ஓடும். புதரின் ஓரத்தில்தான் அருகு பச்சைப் பசேலென்று படர்ந்திருக்கும். காலையில் குளித்துவிட்டுப் போவேன். முந்தானையை இடுப்பைச் சுற்றி மடியாகக் கட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கிள்ளக் கிள்ள மடியில் போடுவேன். மருமகள் அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கித் தந்தாள். "செருப்புக்கால் படற தரையில வைக்கிற கூடையில சாமிக்குப் புல்லா?" என்று கேட்டு அதைப் பரண் மேல் தூக்கிப் போட்டேன். மடிதான் சுத்தம் என்பது என் கணக்கு.

சுத்தம் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எச்சில் விஷயத்தில் நான் பொல்லாதவள். என் வீட்டில் யாரும் தம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கக் கூடாது. எனக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு. மருமகள் வந்த புதிதில் ரசத்தில் உப்புப் பார்க்கிறேன் என்று கரண்டியால் நாக்கில் விட்டுக்கொண்டு, அதே கரண்டியைத் திரும்பப் பாத்திரத்தில் போட்டாள். அந்த ரசம் முழுவதையும் வாழை மரத்தடியில் கொட்டினேன். அதற்கப்புறம் உள்ளங்கையில் விட்டுத்தான் பார்ப்பாள். உடம்பும் அப்படித்தான். எனக்கு எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டியதில்லை, தலை பின்னிவிட ஆள் வேண்டியதில்லை. என் உடம்பில் ஒரு மயிர் நரைத்தாலும் எனக்குத் தெரியாமல் நரைக்காது என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சதுர்த்தி கழிந்து, அமாவாசையும் கழிந்த சமயம் காய்ச்சல் வந்தது. முதலில் மழைக் காய்ச்சல் என்று மிளகுக் கஷாயம் குடித்தேன். தலை இரண்டாகப் பிளந்துவிடும் போல வலித்தது. தெருமுனை டாக்டரிடம் மாத்திரை வாங்கினோம். இறங்கும், ஏறும். டெங்குவாக இருக்குமோ என்று ரத்தம் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. ஒருநாள் காலையில் பூஜை அலமாரிக்கு விளக்கேற்ற எழுந்தவள், குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு மேலே மேலே வாங்கியது. மகன் ஆட்டோவைக் கொண்டுவந்து, தாம்பரம் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். பிள்ளை பெற்றதற்கு அப்புறம் நான் கட்டிலில் படுத்த ஆஸ்பத்திரி அதுதான்.

மூக்கில் குழாய் வைத்தார்கள். கையில் ஊசி ஏறியது. பெரிய டாக்டர் வந்து மகனிடம் கேட்டார்: "ஊருக்கு எங்கயாவது போனாங்களா? வயல், தோட்டம், ஆடு மாடு ஏதாவது பழக்கம் உண்டா?"

மகன், "அம்மா வீட்டை விட்டே போறதில்ல சார்" என்றான்.

அந்தக் காய்ச்சலிலும் எனக்கு ரோஷம் வந்தது. "நாங்க காலனி ஆளுங்க, டாக்டர். வயக்காடெல்லாம் எங்களுக்குக் கிடையாது" என்றேன். சொந்த வீடு கட்டி, வீட்டு முன்னால் சிமெண்ட் தளம் போட்டு, காலில் மண் படாமல் இருக்கிறோம் என்ற பெருமை. காலி மனையில் நான் உட்கார்ந்து புல் கிள்ளினது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது தோட்ட வேலையா? சாமி காரியம் ஆயிற்றே!

அடுத்த நாள் மூச்சு இன்னும் மோசமானது. நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு கட்டில் பக்கத்திலேயே டாக்டர்கள் மகனிடம் பேசினார்கள். நெஞ்சில் சளி மாதிரி கோத்துக்கொண்டு வருகிறது, என்ன காய்ச்சல் என்று இன்னும் பிடிபடவில்லை, இப்படியே போனால் மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டி வரும், இந்த வயதில் மெஷினில் போனால் திரும்பி வருவது கஷ்டம் என்று. மகன் "சரி சார், சரி சார்" என்றுதான் சொன்னான். அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் போய்விடுவேன் போலிருக்கிறதே என்று.

மத்தியானம் ஒரு பெண் டாக்டர் வந்தாள். சின்ன வயசு, கழுத்தில் மெல்லிசாய் ஒரு சிலுவைச் சங்கிலி. என் கையைப் பிடித்து, "பாட்டிம்மா, உங்க உடம்பு முழுக்க ஒருதடவை பாக்கணும். ஸ்க்ரீன் போட்டுடறேன், நானும் நர்ஸும்தான்" என்றாள்.

"எதுக்கு?"

"ஒரு சின்னப் பூச்சி கடிச்சாலும் இந்த மாதிரி காய்ச்சல் வரும். கடிச்ச இடத்துல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அது கிடைச்சுதுன்னா இப்பவே சரியான மருந்து போட்டுடலாம்."

எனக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் விட்டேனா? "எங்க வீட்டுக்காரரே வெளிச்சத்துல பாத்ததில்ல என்னை. உனக்குக் காட்டணுமா? என்னைப் பூச்சி கடிச்சா எனக்குத் தெரியாதா?"

"அதான் பாட்டி, தெரியாது" என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்கு அது பொறுக்கவில்லை. புடவையை இழுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் பள்ளிக்கரணையில் மீன் விற்கிற ஒரு அம்மாள். சர்க்கரைப் புண்ணுக்குக் காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "இன்னா பெரீம்மா நீ! அந்தப் பொண்ணு எவ்ளோ மரியாதையா கேட்டுகினு கீது. காட்டினா இன்னா கொறஞ்சா பூடுவே? போனப்புறம் குளிப்பாட்ட சொல்லோ எல்லாந்தான் பாக்கப் போறாங்கோ. அப்போ வேணாம்னு சொல்லுவியா?"

நர்ஸ் "ஷ்ஷ்" என்றாள். எனக்கோ கோபத்தில் கண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் பெண் என்னை வற்புறுத்தவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா ரொம்ப நேரம் யோசிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மருமகள் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டுப் பையோடு அந்த நேரத்தில்தான் வந்தாள். டாக்டர் பெண் அவளைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். பூச்சி, புதர், பொருக்கு என்று என் காதில் விழுந்தது. மருமகள் சட்டென்று, "புல்லு!" என்றாள். "டாக்டர், அத்தை மாசா மாசம் காலி மனையில உக்காந்து அருகம்புல் பறிப்பாங்க. மடியில கட்டிக்கிட்டு வருவாங்க."

டாக்டர் பெண்ணின் முகம் மாறிவிட்டது. மருமகள் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள்: "என்ன பாக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. நான் பாக்கறேன். என்னை வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க."

உண்மையில் அவளைத்தான் நான் முதலில் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கல்யாணம் ஆகி அத்தனை வருடத்தில் அவள் கை என் தோளில் பட்டதில்லை. ஆனால் அவள் கேட்கவே இல்லை. ஸ்க்ரீனை இழுத்தாள், புடவையைத் தளர்த்தினாள். நான், "நீ கண்ணை மூடிக்கோ" என்றேன், புத்தி கெட்டுப் போய்.

"நான் மூடிக்கிட்டா எப்படிப் பாக்கறது அத்தை? நீங்க மூடிக்கோங்க" என்றாள்.

மூடிக்கொண்டேன். காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், மார்புக்கு அடியில், முதுகு என்று அவள் விரல் போய்க்கொண்டே இருந்தது. நோட்டுத் திருத்துகிறவள் இல்லையா, ஒரு வரி விடாமல் பார்க்கிற கை. கடைசியில் உள்பாவாடை நாடாவை அவிழ்த்தாள்.

புடவை கட்டுகிற பெண்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வருடக்கணக்காக நாடா இறுக்கி இறுக்கி, இடுப்பைச் சுற்றிக் கறுத்து, சொரசொரத்து ஒரு தழும்பு விழுந்திருக்கும். அரிக்கும், சில சமயம் புண்ணாகும், தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிவிடும். அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. நானும் கொஞ்ச நாளாகக் குளிக்கும்போது அங்கே விரலில் ஏதோ தடிப்பாக நெருடுகிறதே என்று பார்த்துவிட்டு, நாடாப் புண் என்று எண்ணெய் வைத்திருந்தேன்.

அவள் விரல் அதைக் கடந்து போனது. பிறகு திரும்பி வந்தது.

"அத்தை, இங்க வலிக்குதா?"

"இல்ல. அது நாடாத் தழும்புடி. எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான். உனக்கில்லையா?"

கண்ணைத் திறந்து பார்த்தேன். என் மருமகள், அந்த ஸ்க்ரீனுக்குள் நின்றுகொண்டு, தன் புடவைக் கொசுவத்தைக் கீழே இறக்கி, தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடையதைப் பார்த்தாள், என்னுடையதைப் பார்த்தாள்.

"எனக்கும் இருக்கு" என்றாள். "ஆனா என்னுது கோடு அத்தை. இது வட்டம்."

ஒரு நிமிஷம் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம், இரண்டு பேருக்கும் இடுப்பு தெரிய. பிறகு அவள், "டாக்டரைக் கூப்பிடட்டுமா?" என்றாள். நான், "கூப்பிடு" என்றேன்.

டாக்டர் பெண் டார்ச் அடித்துப் பார்த்தாள். தீக்குச்சியால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். தழும்பின் கறுப்போடு கறுப்பாக ஒளிந்துகொண்டிருந்தது. "கிடைச்சிடுச்சு!" என்று அவள் சொன்ன சந்தோஷத்தைக் கேட்டு, பக்கத்துக் கட்டில் அம்மாள் ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாது, தங்கமா?" என்றாள்.

உடனே மருந்து மாற்றினார்கள். அந்தக் காய்ச்சலை உண்ணிக் காய்ச்சல் என்று சொல்கிறார்களாம். ரத்தப் பரிசோதனையும் பிறகு அதையேதான் சொன்னது. அடுத்த நாள் நெற்றி வியர்த்தது. அதற்கடுத்த நாள் எனக்குப் பசித்தது. மெஷின் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை.

மூச்சு சீரானதும் எனக்கு ஒரே ஆத்திரம். காய்ச்சல் வந்ததுகூடப் போகட்டும், என்னைக் கடித்தது எனக்கே தெரியாமல் போயிற்றே என்றுதான். டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். அவளுக்கு அன்று வேலை கொஞ்சம் குறைவு போலிருக்கிறது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

அந்தப் பூச்சி ரவையில் பாதிகூட இருக்காதாம், கடித்தாலும் வலிக்காதாம். புல் நுனியில் ஏறிக் காத்துக்கொண்டிருக்குமாம். ஆள் வந்ததும் ஏறி, துணி இறுக்கிப் பிடிக்கிற இடமாகப் பார்த்து உட்காருமாம். "அதோட சாமர்த்தியம் எல்லாம் பல்லுல இல்ல பாட்டி, எச்சில்ல" என்றாள். கடித்ததும் எச்சிலைத் துப்புமாம். அந்த எச்சில் நம் தோலையே கரைத்துக் கஞ்சியாக்குமாம். நடுவில் ஒரு குழாய் மாதிரி இறுகி நிற்குமாம், அது வழியாக உறிஞ்சுமாம். அது ரத்தம் குடிக்கிற ஜாதி இல்லை. ரத்தம் குடிக்கிற கொசுவும் மாட்டு உண்ணியும் இன்னும் கெட்டிக்காரக் கூட்டமாம். பாலில் மோர் விழுந்தால் உறைகிற மாதிரி, காயம் பட்டால் நம் ரத்தம் உறைய வேண்டும் இல்லையா? அவற்றின் எச்சிலில் அப்படி உறையவிடாமல் செய்கிற சரக்கு இருக்கிறதாம். மாட்டு உண்ணியின் எச்சிலில் வலியையும் அரிப்பையும் அமுக்குகிற சரக்கு, பசை மாதிரி ஒட்டிக்கொள்கிற சரக்கு, நோயைத் தடுக்க உடம்புக்குள்ளே இருக்கிற காவல்காரனைத் தூங்கவைக்கிற சரக்குகூட உண்டாம். கிருமி தனியாக வருவதில்லை. எந்தப் பூச்சி கடித்தாலும் அதன் எச்சிலோடு சேர்ந்துதான் உள்ளே வருகிறது.

"எங்க ஏரியா கொசுவு சங்கு ஊதிகினு வந்து கடிக்கும். யோக்கியமான கொசுவு" என்றாள் பள்ளிக்கரணை அம்மாள். "இது இன்னா, திருட்டுப் பயலா கீதே!"

"இந்தப் பூச்சி எங்கேர்ந்து வருது?" என்றேன்.

"எலி, பெருச்சாளி மேல இருக்கும். மூஞ்சூறு மேலயும் நிறைய" என்றாள் டாக்டர் பெண்.

மருமகள் என்னைப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் நெஞ்சு வலித்தது, ஆனாலும் சிரித்தேன். பிள்ளையாருக்குப் புல் பறிக்கப் போனேன், அவருடைய வாகனத்திலேயே வந்திருக்கிறது வினை!

அன்று சாயங்காலம் மருமகள் கஞ்சி கொண்டுவந்தாள். பாலும் வெல்லமும் போட்ட ஜவ்வரிசிக் கஞ்சி. ஸ்பூனால் ஆற்றி ஆற்றி, சூடு சரியாக இருக்கிறதா என்று, ஏதோ நினைப்பில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டாள். குடித்த உடனே அவள் முகம் வெளுத்துப் போனது. பழைய ரசம் அவளுக்கும் நினைவு வந்திருக்கும். "வேற ஸ்பூன் எடுத்துட்டு வரேன் அத்தை" என்று எழுந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவள் அதே ஸ்பூனோடு திரும்ப உட்கார்ந்தாள். பிறகு ஊட்டினாள். உப்பும் இல்லை, வெல்லமும் குறைச்சல். அதையும் சொன்னேன். அவள், "வீட்டுக்கு வந்து நீங்களே போட்டுக் காட்டுங்க" என்றாள்.

(இந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "இதெல்லாம் எதுக்கு அத்தை?" என்கிறாள். எழுதச் சொல்லியிருக்கிறேன்.)

இப்போதும் மாலை என் கையால்தான். பிள்ளையாரை விட்டுக்கொடுக்க முடியுமா? ஆனால் பரண் மேல் கிடந்த கூடை கீழே வந்துவிட்டது. புதர்ப் பக்கம் போவதில்லை, காலனிச் சங்கத்தில் சொல்லி அந்த மனையைச் சுத்தம் செய்ய வைத்தோம். கால் மூடின செருப்பு, முழுக்கை ரவிக்கை. வீட்டுக்கு வந்ததும் உடுத்தின துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டு, தேய்த்துக் குளியல். ஆஸ்பத்திரியில் சொன்னதில் ஒன்றையும் விடுவதில்லை. காரணம் இல்லாமல் காய்ச்சல் வந்தால் எங்கே உட்கார்ந்தோம், எதை மடியில் கட்டினோம் என்று எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், சாமி காரியமாக இருந்தாலும் சரி.

கள்ளிப் பழத்து முள் மாதிரி என் நாக்கு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, தம்ளரை இன்னும் தூக்கித்தான் குடிக்கிறேன். ஆனால் சதுர்த்தி அன்று புல் கிள்ளி வந்து குளித்து முடித்ததும், கதவுக்கு வெளியிலிருந்து "அத்தை, வரட்டுமா?" என்று குரல் வரும். வந்து, காது மடலிலிருந்து நாடாத் தழும்பு வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கோடுதான், வட்டம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவாள். கடித்தது வலித்திருந்தால் நானே தெரிந்துகொண்டிருப்பேன். வலிக்காமல் கடிப்பதைக் கண்டுபிடிக்க நம்மைப் போலவே தழும்பு விழுந்த இன்னொருத்தி பக்கத்தில் வேண்டும் என்பதை, கைகளைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் நிற்கிற ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்கிறேன்.